நீந்துதலும் மிதத்தலும்

என் மேசை இழுப்பறையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கட்டுரைப் பயிற்சி ஏடு கிடக்கிறது. அதன் அட்டை நிறம் மங்கிவிட்டது. ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. வீடு மாறிய போதெல்லாம் எத்தனையோ நூல்களையும் தாள்களையும் நான் கழித்துக் கட்டியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் விட மனம் வந்ததில்லை. இது என்னுடைய ஏடு அன்று. 1984ஆம் ஆண்டில், பினாங்குத் தீவிலுள்ள தமிழ்ப் பள்ளி ஒன்றில் நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியனாகப் பணியாற்றியபோது, என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனுடையது.

அவன் பின்வரிசையில் அமர்ந்திருப்பான். கேட்டாலன்றி வாய் திறக்க மாட்டான். அவன் தந்தையார் பத்து மாவுங் கரையில் மீன் இறக்கும் இடத்தில் ஐஸ் கட்டி உடைத்துப் பெட்டிகளில் நிரப்பும் வேலை செய்துவந்தார். ஆள் குறைந்த நாள்களில் படகிலும் செல்வார் என்று கேள்வி. விடியற்காலையில் தந்தைக்கு உதவிவிட்டு நேரே பள்ளிக்கு வருவதால் அவனுடைய சட்டையில் மீன் வாடை வீசும். அருகிலிருக்கும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அதை நான் கண்டும் காணாதவனாக இருந்ததுண்டு. இன்று எண்ணிப் பார்க்கையில், அதுவும் ஒரு குற்றமே.

‘கடல்’ என்னும் தலைப்பில் ஒரு நாள் கட்டுரை எழுதச் சொன்னேன். ஏறத்தாழ எல்லாரும் கடலின் நீல நிறத்தையும், அலைகளின் ஓசையையும், மாலைக் கதிரவனின் அழகையும் எழுதியிருந்தார்கள். நான் கரும்பலகையில் எழுதிக் கொடுத்த சொற்கோவைகளை வைத்தே எழுதியிருந்தமையால் முப்பது கட்டுரைகளும் ஒரே கட்டுரையின் படிகளாகத் தோன்றின. அவனுடைய கட்டுரையில் மட்டும் கதிரவன் இல்லை. பத்து வரிகளில் மீன்களைப் பற்றியே எழுதியிருந்தான். அவற்றுள் இரண்டு வரிகள் இவை:

‘தொங்கோல் மீன் மிதக்காது. நின்றால் அது செத்துப் போகும்.’

தொங்கோல் என்பது சூரை மீனுக்கு மலாய்க்காரர் வழங்கும் பெயர். அது நம் வீட்டுப் பேச்சிலும் கலந்துவிட்ட சொல்தான். ‘சூரை’ என்று எழுதாமல் தொங்கோல் என்று எழுதியது முதற்பிழை என்று அதைச் சுழித்தேன். இரண்டு வரிகளின் மேலும் சிவப்பு மையால் கோடு கிழித்தேன். பக்கத்தில் ‘பொருட்பிழை, மீன்கள் நீரில் மிதக்கும்’ என்று எழுதினேன். அதோடு விட்டிருந்தாலும் குற்றம் சிறிதாயிருக்கும். மறுநாள் அவ்விரண்டு வரிகளையும் வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன். “மிதக்காத மீனும் உண்டோ?” என்று கேட்டேன். முன்வரிசையில் ஒரு துடுக்கான பையன், “ஐயா, தொங்கோல் மிதக்காது, தொங்கும்!” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. சொல்விளையாட்டைக் கண்டால் தமிழாசிரியனுக்கு மகிழ்ச்சி பொங்குவது இயல்பு. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவன் எழுந்து நின்றான். “எங்க அப்பா சொன்னாங்க ஐயா” என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. “அப்பா சொன்னதெல்லாம் கட்டுரையில் எழுதலாகாது. புத்தகத்தில் இருப்பதை எழுத வேண்டும். திருத்தத்தை மூன்று முறை எழுதிக் கொண்டு வா” என்றேன். மறுநாள் எழுதிக் கொண்டு வந்தான். அந்த ஏட்டின் கடைசிப் பக்கத்தில், அழகிய வட்ட எழுத்தில், ‘சூரை மீன் நீரில் மிதக்கும்’ என்று மூன்று முறை எழுதப்பட்டிருக்கிறது. தான் பொய்யென்று அறிந்திருந்த ஒரு வாக்கியத்தை, ஆசிரியர் சொன்னார் என்பதற்காக, ஒரு சிறுவன் மும்முறை பிழையின்றி எழுதினான்.

அடுத்து வந்த பள்ளி விடுமுறைக்குமுன் ஏடுகளைத் திருத்த வீட்டுக்கு எடுத்து வந்தேன். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. தந்தையாருக்கு வேறோர் ஊரில் வேலை கிடைத்துக் குடும்பம் புறப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஏடு என்னிடமே தங்கிவிட்டது.

நான் ஏன் அவ்வாறு நம்பினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோயில் குளத்தில் மீன்கள் அசையாமல் நிற்பதை இளமை முதல் கண்டிருக்கிறேன். பள்ளி அலுவலகத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் பொன்மீன்கள் நடுநீரில் அப்படியே நிற்கும். வாயை மட்டும் திறந்து திறந்து மூடும். அறிவியல் பாடநூலும் மீனின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று உண்டு என்று கூறியது. அந்தப் பையிலுள்ள வளியைக் கூட்டியும் குறைத்தும் மீன் தன் உடலின் எடையை நீரின் எடைக்கு ஈடாக்கிக்கொள்கிறது. ஆகவே அது மேலெழும்பாமலும் கீழிறங்காமலும் வேண்டிய ஆழத்தில் நிற்க முடிகிறது. இவையெல்லாம் உண்மையே. ஆனால் சில மீன்களைக் கண்டு எல்லா மீன்களையும் அறிந்துவிட்டதாக எண்ணியதில்தான் என் பிழை இருந்தது.

ஆண்டுகள் உருண்டன. பணி ஓய்வும் பெற்றேன். 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு செய்தி என் கண்ணில் பட்டது. ஜப்பானின் தலைநகராகிய டோக்கியோவில், 1989ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கடல்வாழ் உயிரினப் பூங்கா ஒன்று இருக்கிறது. அங்கே சூரை மீன்களுக்கென்று வளையம்போல் வட்டமாகச் சுற்றிவரும் பெரிய தொட்டி ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். அதில் 2,200 டன் நீர் நிரம்பியிருக்கும். 2014ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அத்தொட்டியின் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாத முடிவில் எஞ்சியது ஒரே ஒரு நீலத்துடுப்புச் சூரை. அந்த ஒற்றை மீன் அவ்வளவு பெரிய தொட்டியில் தனியே சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்ததாம். மக்கள் அதைக் காண்பதற்கென்றே வந்தார்களாம்.

தொட்டியை ஏன் வளையமாகக் கட்டினார்கள் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. விடை எளியது: எங்கும் முட்டி நிற்காமல், முடிவின்றி நீந்துவதற்காக. அப்படியானால் அந்த மீன் நிற்கலாகாதோ? அந்தக் கணத்தில் வகுப்புப் பிள்ளைகளின் சிரிப்பொலி என் செவியில் விழுந்தது. எழுந்து சென்று இழுப்பறையைத் திறந்தேன். ‘நின்றால் அது செத்துப் போகும்’ என்னும் வரி, என் சிவப்புக் கோட்டின் அடியில், சற்றும் மங்காமல் இருந்தது.

அன்று தொடங்கி, சூரை மீனைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். படித்ததை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பயன்படுமாறு இங்கே சுருக்கிச் சொல்கிறேன்.

முதலாவது, மூச்சு. மீன் நீரிலுள்ள உயிர்வளியைச் செவுள்களால் பிரித்தெடுக்கிறது என்பது நாமறிந்தது. ஆனால் நீரில் உயிர்வளி மிகக் குறைவு. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் உயிர்வளி உண்டு. நம் பகுதியின் வெதுவெதுப்பான கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிலிட்டர்தான் இருக்கும். எனவே மீன் இடைவிடாமல் புதுநீரைச் செவுள்களின்மேல் செலுத்தியாக வேண்டும். தொட்டியிலுள்ள பொன்மீன் வாயைத் திறந்து நீரை வாங்கி, செவுள் மூடிகளை அசைத்து வெளியே தள்ளுகிறது. அதனால் நின்ற இடத்திலேயே மூச்சுவிட அதற்கு முடியும். சூரைக்கு அந்த ஆற்றல் இல்லை. அது வாயைச் சிறிது திறந்தபடி முன்னே பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் விசையே நீரைச் செவுள்களின் வழியே ஓடச் செய்கிறது. நீந்துதல் நின்றால் நீரோட்டம் நிற்கும். நீரோட்டம் நின்றால் மூச்சு நிற்கும். நீருக்குள்ளேயே மூச்சு முட்டி இறக்கும் மீன் அது.

இரண்டாவது, எடை. சூரையின் உடல் முழுவதும் இறுகிய தசை. ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோகிராம் எடையுள்ளது. நம் சந்தையில் விற்கும் சிறு சூரையின் உடல், அதே அளவு கடல்நீரைவிட நூற்றுக்கு ஐந்தாறு பங்கு கனமானது. அதற்குக் காற்றுப்பையே கிடையாது. மாசிக் கருவாட்டுக்குப் பயன்படும் வரிச்சூரைக்கும் அது இல்லை. ஆகவே இம்மீன் நீந்தாமல் விட்டால் கல்லைப்போல் கீழே அமிழும். இறந்தாலும் உடனே மிதக்காது, மூழ்கும். அப்படியிருக்க, அது அமிழாமல் இருப்பது எப்படி? விமானம் வானத்தில் நிற்பதுபோலத்தான். அதன் மார்புத் துடுப்புகள் இரண்டும் விறைத்த இறக்கைகளாக விரிந்து நிற்கின்றன. மீன் முன்னே செல்லும்போது அவற்றின்மேல் பாயும் நீர் உடலை மேலே தாங்குகிறது. மெதுவாகச் செல்கையில் துடுப்புகளை அகல விரிக்கிறது, விரைகையில் மடித்துக்கொள்கிறது. மிகவும் மெதுவாகச் சென்றாலோ, தாங்கும் விசை போதாது.

ஹவாய்த் தீவுகளிலுள்ள ஹொனலூலு நகரத்தின் கெவாலோ துறையில் சூரை மீன்களை உயிரோடு தொட்டிகளில் வளர்த்து ஆராய்ந்த ஜான் மக்னுசன் என்னும் அறிஞர், இதை அளந்து கணக்கிட்டு, 1970ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட மீன் ஏதோ தொலைதூரக் கடலின் அரிய மீன் அன்று. ஹவாய் மக்கள் ‘கவகவ’ என்றழைக்கும் அது, நம் மலேசியக் கரைகளில் நாள்தோறும் இறங்கும் தொங்கோல் வகைகளுள் ஒன்று. அதாவது, என் மாணவன் எழுதிய அதே மீன். அமிழாமல் இருக்க எவ்வளவு விரைவு வேண்டும் என்று அவர் கணக்கிட்டாரோ, அதை ஒட்டிய விரைவிலேயே அம்மீன் இயல்பாக நீந்திக்கொண்டிருந்தது. உண்மை 1970இல் அச்சேறிவிட்டது. நான் சிவப்பு மையால் அதை அடித்தது 1984இல். பதினான்கு ஆண்டுகள் நான் பின்தங்கியிருந்தேன். ஐஸ் கட்டி உடைத்த அத்தந்தையோ எந்தக் கட்டுரையையும் படிக்காமலே அதை அறிந்திருந்தார்.

எல்லாச் சூரைகளும் இவ்வாறே என்று மீண்டும் ஒரு பொதுவிதியைச் சொல்லி அதே குழியில் விழ நான் விரும்பவில்லை. மஞ்சள்துடுப்புச் சூரை, பெருங்கண் சூரை போன்ற பெரிய இனங்களுக்குக் காற்றுப்பை உண்டு. அவை சற்று மெதுவாகவும் நீந்த முடியும். ஆயினும், மூச்சின் கட்டாயம் அவற்றையும் விடுவதில்லை. எடையின் சுமை குறைந்தாலும் மூச்சின் தேவை குறையவில்லை. நீந்துவதை நிறுத்தும் உரிமை எந்தச் சூரைக்கும் இல்லை.

மூன்றாவதாக ஒரு வியப்பு. இடைவிடாது உழைக்கும் அந்தத் தசைகளில் வெப்பம் பிறக்கிறது. பெரும்பாலான மற்ற மீன்களில் அவ்வெப்பம் குருதியோடு செவுள்களுக்குச் சென்று நீரில் கலந்து வீணாகிவிடும். சூரையிலோ உடலுக்குள் செல்லும் குளிர்ந்த குருதிக் குழாய்களும் வெளிவரும் சூடான குழாய்களும் மெல்லிய இழைகளாகப் பிரிந்து பின்னிக் கிடக்கின்றன. வெளியேறும் குருதி தன் வெப்பத்தை உள்ளே வரும் குருதிக்குக் கொடுத்துவிட்டே போகிறது. இதனால் மீனின் உட்தசை சுற்றியுள்ள கடலைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. இதைக் கண்டு எழுதியவர்களுள் முன்னோடி ஜான் டேவி என்னும் மருத்துவர்; எழுதிய ஆண்டு 1835. இலங்கையில் பணியாற்றி, அந்நாட்டைப் பற்றி 1821இல் நூலொன்று வெளியிட்டவரும் அவரே. வெப்பம் வெளியேறாமல் காக்கப்படும் முறையை ஃபிரான்சிஸ் கேரி, ஜான் டீல் என்னும் இருவர் 1966இல் விளக்கினார்கள். ‘குளிர்ந்த குருதியுடையது மீன்’ என்று நான் மாணவர்க்கு எழுதிப் போட்ட மற்றொரு வரியும் இவ்வாறு ஆட்டம் கண்டது!

இவ்வளவு உழைக்கும் மீனுக்கு ஓய்வே இல்லையா என்று இரக்கம் எழலாம். இரவிலும் அது நீந்துகிறது. கண்ணை மூட அதற்கு இமையும் இல்லை. ஆனால் இயற்கை ஒரு சிறு சலுகை கொடுத்திருக்கிறது. கனமான மீன் வாலை ஆட்டாமல் விட்டால் கீழே இறங்கும் என்றேன். துடுப்புகளை விரித்தபடி சாய்வாக இறங்கினால், அந்த இறக்கமே முன்னோட்டமாக மாறும். பருந்து சிறகடிக்காமல் சறுக்கி வருவதில்லையா, அதுபோல. பின்பு வாலை அடித்து மேலேறி, மீண்டும் சறுக்கலாம். தொடர்ந்து ஒரே மட்டத்தில் நீந்துவதைவிட இதில் உழைப்பு மிச்சமாகும் என்பதை டேனியல் வைஸ் என்னும் அறிஞர் 1973இல் கணக்கிட்டுக் காட்டினார். கரையிலிருந்து பார்ப்பவர்க்கு அது மிதப்பதுபோல் தோன்றக்கூடும். ஆனால் அது மிதப்பு அன்று. விழுவதையும் பயணமாக்கிக்கொள்ளும் திறமை அது.

நூல்களில் படித்ததோடு நிறைவு ஏற்படவில்லை. ஒரு விடியற்காலையில் பத்து மாவுங் கரைக்குச் சென்றேன். அந்தச் சிறுவன் தந்தையோடு நின்றிருக்கக்கூடிய கரை. முப்பது ஆண்டுகள் அத்தீவில் பணியாற்றியும், மீன் இறங்கும் நேரத்தில் நான் அங்கே சென்றது அதுவே முதன்முறை. படகுகள் அணைந்திருந்தன. நெகிழிப் பெட்டிகளில் ஐஸ் தூள்களுக்கிடையே தொங்கோல்கள் கருநீல முதுகும் வெள்ளி வயிறுமாய்க் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். மற்ற மீன்களைப்போல் அது கையில் துவளவில்லை. மரக்கட்டைபோல் விறைத்திருந்தது, எண்ணியதைவிடக் கனத்தது. முதுகுத் துடுப்பை விரலால் அழுத்தினேன். அது உடலிலுள்ள ஒரு பள்ளத்துக்குள் கத்தி உறைக்குள் புகுவதுபோல் படிந்து மறைந்தது. வால் மட்டும் பிறைநிலா வடிவில் கூர்ந்து நின்றது. நீரைக் கிழித்துக்கொண்டு செல்வதற்காகவே வார்க்கப்பட்ட உடல் அது. அதைக் கையில் ஏந்திய எவரும் அது மிதக்கும் என்று சொல்லமாட்டார். நான் அதைக் குழம்பில்தான் கண்டிருந்தேன்.

அங்கே வலையை மடித்துக்கொண்டிருந்த மலாய்க்கார முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நான் ஆசிரியன் என்று அறிந்ததும் “சிக்கு” என்று மரியாதையாக அழைத்தார். தொங்கோல் நிற்குமா என்று அவரிடம் மலாய் மொழியில் கேட்டேன். அவர் சிரித்தார். “அது எப்படி நிற்கும், சிக்கு? வலைக்கண்ணில் தலை மாட்டிக்கொண்டால் மற்ற மீன் நெடுநேரம் துடிக்கும். தொங்கோலை இழுத்து ஏற்றும்போது பெரும்பாலும் அது செத்துத்தான் கிடக்கும். ஓட வேண்டிய மீன் அது” என்றார். சற்றுப் பொறுத்து, “இது பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவதில்லையா?” என்று கேட்டார். அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் நம் மொழியின் இரு சொற்களை எண்ணிக்கொண்டு வந்தேன். நீந்துதல் வேறு, மிதத்தல் வேறு என்று தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. நீந்துவதற்கு முயற்சி வேண்டும். மிதப்பதற்கு முயற்சி வேண்டியதில்லை. கட்டையும் மிதக்கும், சருகும் மிதக்கும். நம் முன்னோர் இரண்டையும் வாழ்க்கைக்கு உவமையாக்கினர். திருக்குறளின் முதல் அதிகாரம் பிறவியைப் பெருங்கடலாகக் கண்டு, அதைக் கடப்பதை நீந்துதல் என்கிறது. புறநானூற்றில் கணியன் பூங்குன்றனாரோ, ஆற்று நீரின் போக்கில் செல்லும் தெப்பத்தைக் காட்டி, உயிரின் போக்கும் அத்தகையதே என்கிறார். இரண்டும் மெய்யே. நம் கையில் இல்லாதவற்றின்முன் தெப்பமாக இருக்கும் பக்குவம் வேண்டும். ஆனால் நம் கையில் இருக்கும் கடமையில் நீந்தியே ஆகவேண்டும். எங்கே தெப்பமாக இருப்பது, எங்கே மீனாக இருப்பது என்று பகுத்தறிவதில்தான் வாழ்க்கையின் இடர் இருக்கிறது.

மிதத்தலிலிருந்து பிறந்த இன்னொரு சொல்லும் நினைவுக்கு வந்தது. செருக்கோடு திரிபவனை, ‘மிதப்பில் இருக்கிறான்’ என்று நாம் சொல்வதுண்டு. இந்த வழக்கை உண்டாக்கியவர் எவரோ, பெரிய அறிவாளி. 1984இல் அந்த வகுப்பறையில் மிதந்தது மீன் அன்று, நான்தான். பயிற்சிக் கல்லூரியில் என்றோ கற்றதன்மேல் மிதந்துகொண்டிருந்தேன். அதை ஆண்டுதோறும் சொல்லிச் சொல்லி, அதுவே போதும் என்று இருந்தேன். புதுநீர் என் செவுள்களில் பாயவில்லை. மூச்சு நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை. மீனாக இருந்திருந்தால் மூழ்கியிருப்பேன். மனிதனாக இருந்தமையால் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை வேண்டும், சந்திப்பிழைக்கும் வேண்டும். அவற்றில் தயக்கம் காட்டலாகாது. ஆனால் ஒரு பிள்ளை நீங்கள் அறியாத ஒரு செய்தியை எழுதியிருந்தால், உடனே அடித்துவிடாதீர்கள். பென்சிலால் ஒரு வினாக்குறி இடுங்கள். “இதை எங்கே அறிந்தாய்?” என்று அருகில் அழைத்துக் கேளுங்கள். தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் பிள்ளைக்கு மரத்தின் பட்டையைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கும். தையற்கடைக்காரரின் மகளுக்குத் துணியின் நெசவு தெரிந்திருக்கும். அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் அறிவு, பாடநூல் ஏறாத அறிவு என்பதாலேயே பிழையாகிவிடாது. அப்படிப்பட்ட ஓர் அறிவை ஒரு முறை சிரித்து விரட்டிவிட்டால், அந்தப் பிள்ளை அடுத்த கட்டுரையில் நீலக் கடலையும் மாலைக் கதிரவனையும் எழுதும். நமக்கும் அதைத் திருத்துவது எளிதாக இருக்கும். இருவரும் சேர்ந்து மிதக்கலாம்.

அந்த மாணவர்க்கு இப்போது ஐம்பது வயது கடந்திருக்கும். ‘அவன்’ என்று இதுவரை எழுதிவந்தேன். இனி அப்படி எழுதக் கை வரவில்லை. அவர் எங்கே இருக்கிறாரோ, என்ன தொழில் செய்கிறாரோ, நான் அறியேன். பழைய மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. அன்றைய சிரிப்பை அவர் மறந்திருக்கலாம். மறவாமலும் இருக்கலாம். தம் பிள்ளைகளுக்கு ‘வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று சொல்லிக் கொடுத்தாரோ, ‘வாத்தியாருக்கு எல்லாம் தெரிந்துவிடாது’ என்று சொல்லிக் கொடுத்தாரோ! இரண்டாவதைச் சொல்லியிருந்தால் மகிழ்வேன்.

பத்து மாவுங்கிலிருந்து திரும்பிய அன்று மாலை, அந்த ஏட்டை எடுத்து மேசைமேல் விரித்தேன். என் பழைய சிவப்புக் கோட்டின் பக்கத்தில், ‘சரி. திருத்தியவர் பிழை’ என்று எழுதித் தேதியிட்டேன். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அவர் எழுதிய மூன்று வரிகளுக்குக் கீழே, நான் அவருக்கு அன்று விதித்த முறைப்படியே, என் திருத்தத்தை எழுதத் தொடங்கினேன்.

‘தொங்கோல் மீன் மிதப்பதில்லை, நீந்துகிறது.’

மூன்று முறை எழுதினேன். எழுதி முடித்தபின் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அவருடைய எழுத்தே செம்மையாக இருந்தது.